உனக்கு மட்டும் பத்து ரூபாய்

எங்கள் முதலாளி சம்பளம் ஏற்றுவதைத் திருட்டுத்தனமாகத்தான் செய்வார். வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை அன்று, விழுப்புரம் ஹெட் ஆபீசில். லாரிகளைக் கழுவி, முன்பக்கம் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயை ரோட்டில் போட்டு உடைத்த பிறகு, ஆட்களை ஒவ்வொருவராகத் தன் கண்ணாடி ரூமுக்குள் கூப்பிடுவார். ஒரு பொட்டலம் பொரிகடலை, இரண்டு வாழைப்பழம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கவர். மாதச் சம்பளத்தில் எவ்வளவு ஏற்றுகிறாரோ அந்தத் தொகை கவருக்குள் புது நோட்டாக இருக்கும். கூடவே ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. பத்து ரூபாய் ஏற்றினால் கவரில் பதினோரு ரூபாய். கவரை நம் கையில் வைத்து, வைத்த கையை எடுக்காமலே, காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொல்வார்: "உனக்கு மட்டும்தான் தம்பி. மத்தவங்களுக்கு இவ்ளோ கெடையாது. வெளிய சொல்லிக்கினு திரியாத."

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பால்காரர் முகத்தைப் பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். கண்டக்டர் மீதிச் சில்லறையை டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்தால் இறங்குகிற வரைக்கும் அவரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். அப்பேர்ப்பட்ட நான் முதலாளியின் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று வருடம் நம்பினேன். எனக்குச் சாதகமான வாக்கியமாக இருந்ததால் அதைச் சந்தேகப்பட வேண்டும் என்றே தோன்றவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் அந்த லாரி சர்வீசின் திண்டிவனம் கிளையில் புக்கிங் கிளார்க். மெட்ராஸ் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, முன்னால் ஒரு மேசை, பின்னால் கோடவுன். மாதச் சம்பளக்காரர்கள் மூன்றே பேர். சரக்கு வாங்கி ரசீது எழுதுவது நான். வந்த சரக்கை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது டெலிவரி கிளார்க். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, இருபத்தாறு. கோடவுனைப் பார்த்துக்கொண்டவர் நாற்பது தாண்டியவர். அவரை நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். மூட்டை தூக்குகிறவர்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி, டிரைவர்களுக்கு டிரிப்புக்கு இவ்வளவு என்று படி. அவர்களுக்குள் ரகசியம் எதுவும் இல்லை. சத்தம் போட்டுச் சண்டை போட்டு வாங்கிக்கொள்வார்கள். ரகசியமெல்லாம் மாதச் சம்பளக்காரர்களான எங்கள் மூன்று பேருக்குத்தான். எல்லோருக்கும் சேர்த்து ஒரு சம்பள ரிஜிஸ்டர் என்பது அந்தக் கம்பெனியில் கிடையாது. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. அவனவன் நோட்டில் அவனவன் கையெழுத்து. பக்கத்து மேசைக்காரன் எவ்வளவு வாங்குகிறான் என்பது சாமிக்கும் முதலாளிக்கும்தான் தெரியும்.

டெலிவரி கிளார்க்கும் நானும் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே ரூமில் இருந்தோம். வாடகையில் பாதிப் பாதி, மண்ணெண்ணெய் ஸ்டவ் அவனுடையது, பாத்திரங்கள் என்னுடையவை. ஒரே சோப்பு, ஒரே சீப்பு. அவனுக்கு எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை வரும் என்பது எனக்குத் தெரியும். அவன் சம்பளம் மட்டும் தெரியாது. அவன் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவனை விட நான் கூட வாங்குகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அது தெரிந்தால் வருத்தப்படுவானே என்று எனக்கு அவன்மேல் இரக்கம் வேறு.

எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கொஞ்ச நாள் ஊரில் என் அம்மாவோடு இருந்துவிட்டுப் பிரசவத்துக்குக் கிளியனூருக்குத் தாய்வீடு போன மனைவி, பெண் குழந்தை பிறந்து ஏழு மாதமாகியும் என்னிடம் வந்து சேரவில்லை. அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை, மாமனார்தான் அனுப்பவில்லை. இரண்டு காணி நிலம் வைத்துக் கேப்பையும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற மனிதர். கணக்கு விரல் நுனியில் இருக்கும்.

"மாப்ளே, முன்னூத்தி நாப்பதுல ரூம் வாடக போவ, பாலுக்கு இன்னா குடுப்பீங்க, மருந்துக்கு இன்னா குடுப்பீங்க? நானூறு வரட்டும். நானே வண்டி கட்டிக்கினு கூட்டியாந்து வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நானூறு என் மேல் போட்ட பூட்டு மாதிரி இருந்தது. ஒவ்வொரு பதினைந்து நாளுக்கும் கிளியனூர் போவேன். குழந்தை என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி அழும். மனைவி அதை என் மடியில் வைத்துவிட்டு, "அழாதடி, உங்க அப்பாதான் பாரு" என்று சொல்லிக்கொடுப்பாள். பெற்ற பிள்ளைக்கு என்னை அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருந்தது. எனக்கு அவமானமாக இருக்கும்.

அதனால் அந்த வருட ஆயுத பூஜையை நான் எதிர்பார்த்த மாதிரி வேறு யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். புக்கிங் கூடியிருந்தது. பம்ப் செட் மோட்டார்கள், துணி பேல்கள், மல்லாட்டை மூட்டைகள் என்று கோடவுனில் நடக்க இடமில்லை. முதலாளி புதிதாக இரண்டு லாரி எடுத்திருந்தார். இந்தத் தடவை அறுபது ஏற்றுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறைந்தது நாற்பது. மீதி இருபதுக்கு மாமனாரிடம் கையைக் கட்டி நின்றுகொள்ளலாம்.

பூஜை முடிந்தது. கண்ணாடி ரூமில் கவர், கையின் மேல் கை, காதுக்குப் பக்கத்தில் அதே வாக்கியம். வெளியே வந்து கம்பெனி லாரியிலேயே திண்டிவனம் கிளம்பினோம். டிரைவருக்குப் பக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். மூன்று பேரின் மடியிலும் பொரிப் பொட்டலம், மூன்று பேரின் வலது கையும் சட்டைப் பையின் மேல். யாரும் கவரைப் பிரிக்கவில்லை. ஒருவர் பிரித்தால் மற்ற இருவரும் எட்டிப் பார்ப்பார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும். வழியெல்லாம் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டு வந்தோம்.

விக்கிரவாண்டியில் டிரைவர் டீக்கு நிறுத்தினார். நிறுத்தினாரோ இல்லையோ, மூன்று பேரும் மூன்று பக்கம் போனோம். அண்ணன் ஓட்டலின் கொல்லைப்புறம் ஒதுங்கினார். டெலிவரி கிளார்க் லாரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் மறைந்தான். நான் பஞ்சர் கடையில் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கவரைப் பிரித்தேன்.

ஒரு பத்து ரூபாய் நோட்டு. ஒரு ரூபாய் நாணயம்.

கவரைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தேன். மஞ்சள் தூள்தான் உதிர்ந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள்; எனக்குப் பொரியைத் தனிப் பொட்டலமாகவே கட்டிக் கொடுத்திருந்தார்கள். போன வருடமும் பத்து, அதற்கு முந்தின வருடமும் பத்து. இந்தக் கணக்கில் நானூறு வருவதற்குள் என் பெண் பள்ளிக்கூடம் போய்விடுவாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தேன். அவன் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "இன்னிக்கு டீ நம்ம செலவு. இன்னா மச்சான், வடை சாப்புடு" என்றான். டிரைவரோடு சேர்த்து நாலு பேருக்கும் டீ, வடை. கல்லாவில் சில்லறையோடு பளபளவென்று ஒரு புது ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்தான்.

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். பூஜைக் கவரில் வந்த நாணயத்தை எங்களில் யாரும் செலவு செய்ய மாட்டோம். சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். அடுத்த பூஜை வரைக்கும் அது அங்கேயே இருக்கும். அதைத் தூக்கிக் கல்லாவில் போடுகிறான் என்றால் கவரில் நோட்டு எவ்வளவு வந்திருக்கும்? ஐம்பதா? நூறா? மூன்று வருடமாக நான் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தவன் எனக்கு வடை வாங்கிக் கொடுக்கிறான்.

அன்றிலிருந்து அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரே ரூமில் இருக்கிறவனைக் கவனிப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து, பழைய லுங்கி ஒன்றைப் பையில் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். "எங்கடா?" என்றால், "பிரம்மதேசத்துல சொந்தக்காரங்க இருக்காங்க" என்பான். அவனுக்கு ஊர் செஞ்சிப் பக்கம். பிரம்மதேசத்தில் திடீரென்று எங்கிருந்து சொந்தம் முளைத்தது? சாயங்காலம் திரும்பும்போது பை நிறையப் பச்சை மல்லாட்டை இருக்கும். கழுவி உப்புப் போட்டு வேகவைத்து, பாதியை என் பக்கம் தள்ளுவான். தின்றுகொண்டே அவன் விரல்களைப் பார்ப்பேன். நகக்கண்ணில் செம்மண். சோப்புப் போட்டும் போகாத மண்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் முடிவுக்கு வந்துவிட்டேன். அவன் நிலம் வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்த் தன் கொல்லையைப் பார்த்துவிட்டு வருகிறான். முதலாளி எனக்குப் பத்து ரூபாயும் அவனுக்கு நிலம் வாங்குகிற அளவுக்கும் கொடுக்கிறார். ஏன் கொடுக்கிறார்? கிளையில் நடப்பதையெல்லாம் அவரிடம் போய்ச் சொல்லுகிறான், அதற்குத்தான். எல்லாம் ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. சந்தேகத்துக்கு இது ஒரு வசதி. எந்தத் துண்டை எடுத்தாலும் அதற்கு ஓர் இடம் இருக்கும். அவன் மல்லாட்டையை மட்டும் நான் விடவில்லை. தோலை உரித்து உரித்துத் தின்றேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், லாரி எதுவும் வராத நேரத்தில், அவன் எங்கள் இரண்டு பேரையும் கோடவுனுக்குள் கூப்பிட்டான்.

"தனித்தனியா போனா ஒண்ணும் வேலைக்காவாது. மூணு பேரும் ஒண்ணா போய் நிப்போம். ஆளுக்கு அம்பது ஏத்தச் சொல்லுவோம். இல்லாட்டி தீவாளி சரக்க யாரு எறக்கறதுன்னு அவரே பாத்துக்கட்டும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மொதல்ல நமக்குள்ள ஒளிவு மறைவு வாணாம். யாருக்கு எவ்ளோன்னு சொல்லிக்குவோம். எனக்கு முன்னூத்தி அஞ்சு" என்றான்.

முன்னூற்றி ஐந்து! என்னை விட நாற்பத்தைந்து ரூபாய் குறைச்சலாம். முன்னூற்றி ஐந்து வாங்குகிறவன் நிலம் வாங்குவானா? பொய் சொல்லி என் வாயைப் பிடுங்குகிறான், பிடுங்கியதை விழுப்புரத்தில் போய் வைக்கப்போகிறான் என்று நினைத்தேன். நான் முன்னூற்றி இருபது என்றேன். அண்ணன் மேலே தகரத்தைப் பார்த்து யோசித்துவிட்டு, "எனக்கும் ஏறக்கொறைய அதான்" என்றார். அந்தக் கோடவுனில் அன்றைக்கு உண்மை சொன்னவன் ஒருவன்தான். அவனை மற்ற இரண்டு பேருமே நம்பவில்லை.

வருகிற திங்கட்கிழமை மூன்று பேரும் போவது என்று பேச்சு. நான் வெள்ளிக்கிழமையே போனேன். குழந்தைக்குக் காய்ச்சல், கிளியனூர் போகிறேன் என்று சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். அண்ணனும் அன்று பல்வலி என்று லீவு. ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வெளியே வந்தார். அண்ணன்.

என்னைப் பார்த்தார். அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"பல்லு டாக்டர பாக்க வந்தேன். அப்டியே மொதலாளியையும் பாத்துட்டுப் போவலாம்னு" என்றார். "புள்ளைக்கு ஜொரம் தேவலையா?"

"தேவலண்ணே. மருந்து வாங்க வந்தேன்" என்றேன்.

அவர் போனார். எந்தப் பக்கக் கன்னத்தில் வலி என்பதை வழியில் மாற்றிக்கொண்டார்.

உள்ளே முதலாளி சிரித்தபடி, "வா தம்பி. ஒருத்தன் பல்லு வலின்னு வந்துட்டுப் போறான். உனக்கு எங்க வலிக்குது?" என்றார். "மூணு பேரும் கூட்டு சேந்துக்கினு வரப் போறீங்களாமே. அந்தப் பல்லு வலிக்காரன்தான் சொன்னான். ஆரம்பிச்சது யாருன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேன்றான். நீ சொல்லு."

அண்ணன் பாதி தூரம் போய் நின்றுவிட்டிருந்தார். மீதி தூரத்தை நான் போனேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குடிக்க மோர் கூடக் கொடுத்தார்கள். டெலிவரி கிளார்க்கின் பேரைச் சொன்னேன்.

முதலாளி ஆச்சரியப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து மேசை மேல் விரித்தார். அவனுடைய கையெழுத்து வரிசையாக இருந்தது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் முன்னூற்றி ஐந்து. மேலே முன்னூற்றி ஐந்து, கீழே முன்னூற்றி ஐந்து. பக்கத்தைத் திருப்பினார், அங்கேயும் முன்னூற்றி ஐந்து.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இங்கயே வந்து நின்னுக்கினு வாயத் தொறந்து கேட்டான். கேக்கறவனுக்குக் குடுத்துப் பழக்கக் கூடாது தம்பி. அதான் ரெண்டு பூசையா அவன் கவர்ல வெறும் ஒரு ரூபா போட்டுக் குடுக்கறேன். அப்பவும் புத்தி வர்ல" என்றார்.

விக்கிரவாண்டி டீக்கடைக் கல்லாவில் அவன் வைத்த நாணயம் என் கண் முன்னால் வந்தது. கவரில் இருந்ததே அது ஒன்றுதான். அதையும் எங்களுக்கு டீயாக வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்திருக்கிறான்.

முதலாளி கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். "தீவாளி ரஷ் முடியட்டும், கணக்க முடிச்சி அனுப்பிடறேன். அவன் வேலையையும் நீயே பாத்துக்க. நானூறா ஆக்கிடறேன். உனக்கு மட்டும்தான். வெளிய சொல்லாத."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அவன் நல்லவன், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவனை அனுப்பாதீர்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் நானூறு என்ற எண் காதில் விழுந்துவிட்டது. "சரிங்க மொதலாளி" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கணக்குப் போட்டேன். என் முன்னூற்றி ஐம்பதும் அவன் முன்னூற்றி ஐந்தும் சேர்ந்தால் அறுநூற்றி ஐம்பத்தைந்து. இனிமேல் அந்த இரண்டு வேலைக்கும் நானூறு. எனக்கு ஏறியது ஐம்பது. முதலாளிக்கு மிஞ்சியது இருநூற்றி ஐம்பத்தைந்து. இதைத்தான் எனக்குச் செய்த சலுகை என்று காதில் சொல்லியிருக்கிறார். விக்கிரவாண்டி தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை யாரும் விழுப்புரம் போகவில்லை. அண்ணனுக்குப் பல் இன்னும் வலித்தது, எனக்குக் குழந்தை நினைப்பு. "செரி, தீவாளி கழிச்சிப் பாத்துக்கலாம்" என்று அவனே சொன்னான்.

ஆனாலும் என் புத்தி அடங்கவில்லை. சம்பளம் முன்னூற்றி ஐந்துதான் என்றால் அந்த மல்லாட்டை எங்கிருந்து வருகிறது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பஸ் ஏறிய பிறகு வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு மரக்காணம் ரோட்டில் மிதித்தேன். அவன் ஏதாவது தப்பு செய்து சம்பாதிக்கிறான் என்று தெரிந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டு போனேன். தெரிந்தால் நான் செய்தது சரியென்று ஆகிவிடும்.

பிரம்மதேசத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரக் கொல்லை ஒன்றில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குந்தி, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அந்தப் பழைய லுங்கியில் அவன். ஆய்கிற காயில் ஒரு பங்குதான் கூலி. அதில் பெரும்பகுதியை அங்கேயே விற்றுவிட்டு, மிச்சத்தைப் பையில் எனக்குக் கொண்டுவந்திருக்கிறான். எஸ்.எஸ்.எல்.சி. படித்த கிளார்க், பெண்களோடு உட்கார்ந்து கூலிக்குக் காய் ஆய்வதைத் திண்டிவனத்தில் யாரிடம் சொல்லுவான்? சொந்தக்காரர்கள் என்றுதான் சொல்ல முடியும். "இன்னாப்பா கெளார்க்கு, ஜல்தியா ஆயி. பொம்பளைங்க முந்திட்டோம் பாரு" என்று ஒருத்தி கேலி செய்தாள். அவன் சிரித்துக்கொண்டே கையை வேகமாக ஓட்டினான்.

நான் சைக்கிளைத் திருப்பிவிட்டேன். அவன் வேலை போகப் போகிறது என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அன்று சாயங்காலமும் உப்புப் போட்டு வேகவைத்தான். பாதியை என் பக்கம் தள்ளினான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பானே என்று பயந்து தின்றேன்.

தீபாவளி முடிந்த வாரத்திலேயே ஹெட் ஆபீசிலிருந்து ஆள் வந்து அவனிடம் சொல்லிவிட்டார். மாதக் கடைசியோடு சரி. அவன் சத்தம் போடவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். மூன்றாம் நாள், மரக்காணத்தில் உப்பு ஏற்றுகிற இடத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தான்.

நான் கிளியனூர் போய் நானூறு என்றேன். மாமனார் சந்தோஷப்படவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பத்து பத்தா ஏத்தனவங்க ஒரேடியா அம்பதா? இன்னா மாப்ளே பண்ணீங்க?"

"வேலைய பாத்துக் குடுத்தாங்க மாமா" என்றேன். மனைவி வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையின் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

சொன்ன சொல் தவறாமல் மாமனார் வண்டி கட்டினார். எனக்குச் சம்பளம் ஏறிவிட்டது, அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் ரூமைக் காலி செய்து, கடைசி நாலு நாள் கோடவுனில் படுத்துக்கொண்டான். போவதற்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். ஸ்டவ்வை விட்டுவிட்டான். "புள்ளைக்குப் பால் காய்ச்ச வாணாமா? எனக்கு அங்க மெஸ் இருக்குது" என்றான். வண்டி வந்து நின்றபோது முதலில் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கியவன் அவன்தான். அது அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அவன் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ தேடியது. அழவே இல்லை.

மாதக் கடைசி நாளன்று அவனைப் பஸ் ஸ்டாண்டில் விடப் போனேன். தகரப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். மரக்காணம் பஸ் நின்றிருந்தது. பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு அவன் மறுபடி கீழே இறங்கி வந்தான். கையில் பழைய பை. அதில் காய்ந்த மல்லாட்டை, இரண்டு படி இருக்கும்.

"வூட்ல குடு" என்றான். பிறகு செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "மச்சான், ஒரு விசயம். மனசுல வச்சிக்கினு போவக் கூடாதுன்னு பாக்கறேன்."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஒரு வாரமா உன்னத்தான் சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன். நீதான் விழுப்புரம் போயி என்னப் போட்டுக் குடுத்துட்டியோன்னு நெனச்சேன். உனக்கு ஒரேடியா ஏத்திட்டாங்களா, அதான் புத்தி அப்டி போச்சி. நேத்து டிரைவர் சொன்னாரு, பல்லு வலின்னு லீவு போட்ட அன்னிக்கு ஹெட் ஆபீஸ் பக்கம் அண்ணன பாத்தாராம், கன்னத்தப் புடிச்சிக்கினு நின்னாராம். அந்தாள் வேலைதான் அது. ஒரே தட்டுல துன்னுட்டு உன்னப் போயி நெனச்சேன் பாரு. மனசு பேஜாராப் பூடுச்சி. மன்னிச்சிக்க மச்சான்."

அவன் கண் கலங்கியிருந்தது. அந்த ஆபீசில் மூன்று வருடம் நாங்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவோ சந்தேகப்பட்டோம். அதில் சரியாக இருந்த சந்தேகம் அவனுடைய அந்த ஒரு வாரச் சந்தேகம்தான். அதற்குத்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றான். கண்டக்டர் விசில் கொடுத்தார். சொல்லிவிடுவதற்கு ஒரு நிமிடம் இருந்தது. ரூமில் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை, குழந்தை அங்கே தூங்கிக்கொண்டிருந்தது, மறுநாள் முதல் தேதி, என் நோட்டில் நானூறு என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள்.

மல்லாட்டைப் பையை வாங்கிக்கொண்டேன்.

"பரவால்ல, வுடு மச்சான்" என்றேன்.